ஆறு மணி ஸ்பெஷல் கிளாசும் அடிபம்பு வரிசையும்: மலாவி கிராமப் பள்ளியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு வகுப்பு நேரத்தைப் பற்றிய பதிவு. மலாவி நாட்டின் டெட்சா மாவட்டத்தில், ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் 2017 செப்டம்பர் முதல் 2018 ஜூலை வரை தன்னார்வ ஆசிரியராகக் கணக்குப் பாடம் எடுத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் ஆரம்பித்த காலை ஸ்பெஷல் கிளாஸ், பெண் பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் போவதற்குக் காரணமானது. அது எப்படி நடந்தது, எப்போது எனக்குத் தெரிந்தது, அப்புறம் என்ன செய்தோம் என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். ஊர், பள்ளி, ஆட்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எண்ணிக்கைகள் என் குறிப்பேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் இருந்தவை.

பின்னணி

தலைநகர் லிலோங்வேயிலிருந்து தெற்கே போகும் எம்1 நெடுஞ்சாலையில் டெட்சா வருகிறது. மேட்டு நிலம். சாலையோரம் முழுக்க வாளி வாளியாக உருளைக்கிழங்கு விற்பார்கள். ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் விடியற்காலையில் வெளியே வர முடியாது. நான் இருந்த ஊர் தார்ச்சாலையிலிருந்து விலகி, செம்மண் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் தூரம். கையில் காசு இருந்தால் ‘கபாசா’ என்கிற சைக்கிள் டாக்சியில் பின்னால் உட்கார்ந்து போகலாம்.

மலாவியில் 1994இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை கிட்டத்தட்ட 30 லட்சமானது. கட்டடமும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் வரவில்லை. எங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் 170 பிள்ளைகள் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே போகப் போக வகுப்பு மெலியும். எட்டாம் வகுப்பில் 61 பேர், அதில் 33 பேர் பெண்கள். தொடக்கப் பள்ளி அங்கே எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதன் முடிவில் வரும் பொதுத்தேர்வுதான் யார் மேல்நிலைக்குப் போவது என்று தீர்மானிக்கும். தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது, இடங்கள் குறைவு என்பதால் தேர்ந்தெடுக்கவும் படவேண்டும். இரண்டு மூன்று முறை அதே வகுப்பில் இருந்தவர்கள் உண்டு. அதனால் வகுப்பில் 13 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள்.

கீழ் வகுப்புகளில் சிச்சேவா மொழியில் பாடம் நடக்கும். மேல் வகுப்பில் ஆங்கிலம். எனக்குச் சிச்சேவா தெரியாது என்பதால்தான் மேல் வகுப்புக் கணக்கு என்னிடம் வந்தது. நான் ராமநாதபுரம் பக்கத்தில் கணக்கு ஆசிரியர். சம்பளமில்லா விடுப்பில் போயிருந்தேன்.

கிளம்புவதற்கு முன் டெட்சாவைப் பற்றி நான் படித்தவற்றில் ஒன்று மனத்தில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. அந்த மாவட்டத்தின் அப்போதைய மூத்த பாரம்பரியத் தலைவர்களில் ஒருவரான தெரேசா கச்சிண்டமோட்டோ, 850க்கும் மேற்பட்ட குழந்தைத் திருமணங்களை ரத்து செய்து பெண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பியவர். மலாவி 2015இல் திருமண வயதை 18 ஆக்கிச் சட்டம் இயற்றியது. பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே மணமுடிக்கலாம் என்று அரசியலமைப்பில் இருந்த வழியை 2017இல் அடைத்தது. இதெல்லாம் உண்மை, மதிக்கத்தக்க வேலை. ஆனால் நான் அதைப் படித்துவிட்டுப் போனதால், ஒரு பெண் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றாலே திருமணம்தான் காரணம் என்று எண்ணும் மனநிலையோடு போய் இறங்கினேன். பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றாடம்

ஆசிரியர் குடியிருப்பு என்பது பள்ளியை ஒட்டி நான்கு செங்கல் வீடுகள், தகரக் கூரை. மின்சாரம் கிடையாது. சிறிய சோலார் விளக்கு ஒன்று வைத்திருந்தேன். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வாரம் இரண்டு முறை கடைத்தெரு வரை நடப்பேன். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ‘சீமா’தான் எல்லோருக்கும் இரண்டு வேளையும். நம் களியைச் சாப்பிட்டுப் பழகியவனுக்கு அது அந்நியமாக இல்லை. தொட்டுக்கொள்ள, நிலக்கடலைப் பொடி தூவி வேகவைத்த பூசணிக் கொழுந்து கொடுப்பார்கள். எப்போதாவது மலாவி ஏரியிலிருந்து வரும் ‘உசிபா’ கருவாடு கிடைக்கும், நம் நெத்திலி மாதிரி. அந்தப் பூசணிக் கொழுந்தைப் பக்கத்து வீட்டு அம்மா முதல் வாரத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். அந்த மரியாதையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

காலையில் யாரைப் பார்த்தாலும் ‘முவாசுக்கா புவாஞ்சி’ என்று கேட்க வேண்டும். எப்படி எழுந்தீர்கள் என்று பொருள். மத்தியானத்துக்கு மேல் ‘முவாஸ்வெரா புவாஞ்சி’, பகலை எப்படிக் கழித்தீர்கள் என்று. பெரியவர்களுக்கு நாம் ‘நீங்கள்’ போடுவதுபோல அவர்களும் மரியாதைப் பன்மையில் பேசுவார்கள். முதல் மாதம் முழுக்க இதைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். எப்படி எழுந்தீர்கள் என்று தினமும் கேட்ட நான், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று யாரையும் கேட்டதில்லை.

தண்ணீருக்குத் தலைமை ஆசிரியர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவிட்டால், தினமும் விடியும்போது 20 லிட்டர் வாளிகள் இரண்டு வாசலில் இருக்கும். நான் கதவைத் திறக்கும்போது வாளிகள்தான் இருக்கும், ஆள் இருக்காது. யார் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஐந்து மாதம் நான் கேட்கவில்லை.

அக்டோபர்: காலை ஆறு மணி வகுப்பு

செப்டம்பர் கடைசியில் ஒரு சிறிய தேர்வு வைத்தேன். 61 பேரில் 40க்கும் மேற்பட்டவர்களுக்குப் பின்னமும் விகிதமும் வரவில்லை. பொதுத்தேர்வு மே மாதம். வகுப்பு நேரம் மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது.

பள்ளி ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடியும். ஒன்றரைக்கு மேல் பிள்ளைகள் பசியோடு வீட்டுக்கு ஓடுவார்கள், அப்புறம் வயல் வேலை. மாலை இருட்டினால் வெளிச்சம் இல்லை. அதனால் காலை ஆறிலிருந்து ஏழே கால் வரை ஸ்பெஷல் கிளாஸ் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புக்கு இப்படித்தான் வைப்போம். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன், சரி என்றார். பெற்றோர் யாரிடமும் பேசவில்லை. பிள்ளைகளிடம் கேட்டேன், எல்லோரும் கை தூக்கினார்கள். வெளிநாட்டு ஆசிரியர் முன்னால் நின்று கேட்கும்போது எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அந்தக் கைகளைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் 33 பெண்களில் நாளொன்றுக்கு 28, 29 பேர் வந்தார்கள். பையன்களும் ஏறக்குறைய அதே விகிதத்தில். மழை ஆரம்பித்து விதைப்பு வந்த நவம்பர் கடைசியில் பெண்கள் 24 ஆனார்கள். விதைப்பு முடிந்தால் திரும்பிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி: கதவை மூடினேன்

ஜனவரியில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது காலை வகுப்புக்கு 14 பெண்கள் வந்தார்கள். வந்தவர்களிலும் பாதிப் பேர் ஆறரைக்கு மேல்தான் நுழைந்தார்கள். பையன்கள் 23 பேர் சரியாக வந்தார்கள். வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் அதைப் பெண்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று படித்தேன்.

இரண்டு காரியம் செய்தேன். 6.10க்கு வகுப்புக் கதவை மூடினேன். வராதவர்கள் பெயரை ஏழரை மணிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தேன். இரண்டுமே நான் ஊரில் செய்து பழகியவை. அங்கே எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கூட்டத்தில் பெயர் வந்தவர்களைப் பொறுப்பு ஆசிரியர் தாமதமாக வந்தவர்களோடு சேர்த்து மைதானம் பெருக்க அனுப்பிவிடுவார். முதல் பாடவேளை போய்விடும். எல்லோர் முன்னாலும் துடைப்பத்தோடு நிற்க வேண்டும்.

பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலை வகுப்பைத் தவறவிட்ட நாளில் பள்ளிக்கே வராமல் இருந்துவிட்டார்கள். நவம்பரில் பள்ளி நேரத்துக்கு வந்த பெண்கள் சராசரி 30. ஜனவரி கடைசி வாரத்தில் 19. ஸ்பெஷல் கிளாசில் 9.

இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து எழுதியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று பெண்கள் தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லை. அவர்கள் பெயரைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, திருமண ஏற்பாடு நடக்கிறதோ என்று சந்தேகம், உடனே விசாரிக்க வேண்டும் என்றேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “முதலில் அம்மாக்களிடம் கேட்போம், ஆசிரியரே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி: பம்படியில் கண்டது

மலாவிப் பள்ளிகளில் அன்னையர் குழு என்று ஒன்று உண்டு. பெண் பிள்ளைகள் படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண்கள் சிலர் பொறுப்பேற்றுக்கொள்வார்கள். அக்குழுவின் தலைவியோடு முதல் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண் வீட்டில் இல்லை. அவள் அம்மா மக்காச்சோளக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் திருமணம் பற்றி மெதுவாகக் கேட்டதை மொழிபெயர்த்ததும் அவர் முகம் மாறியது. கோபத்தைவிட அவமானம் அதிகமாகத் தெரிந்தது. அவர் சொன்னது சிறியது: “அவள் தண்ணீருக்குப் போயிருக்கிறாள்.” அப்போது காலை ஒன்பது மணி.

திரும்பும் வழியில் குழுத் தலைவி, நாளைக் காலை நான்கரைக்குப் பம்படிக்கு வாருங்கள் என்றார்.

போனேன். நிலா வெளிச்சம் இருந்தது. அடிபம்பை அங்கே ‘ம்ஜிகோ’ என்பார்கள். அதைச் சுற்றி வாளிகள் வரிசை போட்டிருந்தன, நம் ஊரில் குடங்கள் வரிசையில் இருப்பதுபோல. 43 வாளிகள் எண்ணினேன். ஆட்களில் பெரிய பெண்கள் சிலர். மற்றவர்கள் பெண் பிள்ளைகள். தண்ணீர் வருவதற்கு முன் ஒவ்வொருவரும் பல தடவை வெறுமனே அடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி நின்று இன்னொருத்தி வருவதற்குள் குழாயில் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை 38 அடிக்குப் பிறகுதான் தண்ணீர் தலைகாட்டியது. 20 லிட்டர் வாளி நிரம்ப ஏறக்குறைய நான்கு நிமிடம். கணக்குப் போட்டால் 43 வாளிக்கு 172 நிமிடம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்கரைக்கு வரிசையின் கடைசியில் வாளி வைத்தவள் ஏழரைக்குத்தான் கிளம்ப முடியும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாளி போதாது.

அக்டோபரில் இப்படி இல்லை. குழுத் தலைவி ஒவ்வொன்றாக விளக்கினார். பம்பின் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. நவம்பரில் பக்கத்து ஊர்ப் பம்பு உடைந்து அந்த ஊர்க்காரர்களும் இங்கே வருகிறார்கள். ஒரு கைப்பம்பு சுமார் 250 பேருக்கு என்பதுதான் அந்நாட்டுக் கணக்கு. இங்கே இரண்டு ஊர். மூன்றாவது, அந்த மழைக்காலத்தில் மலாவியின் சில மாவட்டங்களில் காலரா பரவியிருந்தது. சுகாதார உதவியாளர் வீடு வீடாக வந்து, ‘தம்போ’ என்னும் ஈரத் தாழ்நிலத்தில் தோண்டிய ஆழமில்லாக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பம்புத் தண்ணீர்தான் பாதுகாப்பு என்று சொல்லியிருந்தார். சரியான அறிவுரை. மக்கள் அதைக் கேட்டும் நடந்தார்கள். அதுவரை இரண்டு மூன்று இடங்களில் பிரிந்திருந்த கூட்டம் ஒரே பம்புக்கு வந்தது. ஜனவரி, பிப்ரவரி களையெடுப்புக் காலம் என்பதால் அம்மாக்கள் வெயிலுக்கு முன் கொல்லைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் முழுக்கப் பெண் பிள்ளையின் தலையில்.

நான் இருந்த ஒரு மணி நேரத்தில் வாளி நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒரு பெண்ணை அடையாளம் தெரிந்தது. தினமும் கூட்டத்தில் பெயர் வாசிக்கப்பட்டவள். பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் தலையில் இருந்தது என் வீட்டு வாளி. முதல் இரண்டு வாளியும் ஆசிரியர் வீட்டுக்கு, அதற்குப் பிறகுதான் தன் வீட்டுக்கு மறுபடி வரிசை. அவளை என் வாசலுக்குத் தண்ணீர் சுமக்க வைத்துவிட்டு, அதனால் வர முடியாத வகுப்புக்கு வரவில்லை என்று துடைப்பம் பிடிக்க வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்தது அக்கா. காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு போவாள். நான் அதே நேரத்தில் சைக்கிளில் கணக்கு டியூஷன் போவேன். அக்கா பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டாள், நான் ஆசிரியர் ஆனேன். பம்படியில் நிற்கும் வரை இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றே பெயர் வாசிப்பதை நிறுத்தினேன். மறுநாள் கூட்டத்தில், அந்தப் பழக்கம் என்னுடைய தவறு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். தலைமை ஆசிரியர் அதைச் சிச்சேவாவில் சொன்னார். இதை ஓர் ஆசிரியர் கூட்டத்தில் சொல்வது அங்கே வழக்கமில்லை. சக ஆசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் பெயர் வாசித்தது எல்லோர் முன்னாலும் நடந்தது, நிறுத்துவதும் எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என் வீட்டுத் தண்ணீரை என்ன செய்வது என்பது அவ்வளவு எளிதாக இல்லை. நிறுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு மாத வருமானம் போகும். அதுவும் வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்து அறுவடைக்குக் காத்திருக்கும் பஞ்ச மாதங்களில். கொடுக்கும் தொகையைக் குறைக்காமல், அந்த வீட்டு மூத்த பையன் சைக்கிளில் கேன் கட்டி மத்தியானம் கொண்டுவரலாமா என்று கேட்டோம். ஆண்கள் தலையில் தண்ணீர் சுமக்க மாட்டார்கள். சைக்கிளில் என்றால் அது வேறு வேலை, கௌரவக் குறைவில்லை. ஒத்துக்கொண்டார்கள்.

ஸ்பெஷல் கிளாசை எங்கே நகர்த்துவது? இந்த முறை அன்னையர் குழுவோடும் பெற்றோர் சிலரோடும் உட்கார்ந்து, ஒரு பெண் பிள்ளையின் நாளை மணிவாரியாகத் தாளில் எழுதினோம். காலி இடம் ஒன்றுதான் இருந்தது, அவள் பள்ளிக்குள் இருக்கும் நேரம். ஆகவே பள்ளி நேரத்துக்குள்ளேயே வாரம் மூன்று நாள் இடைவேளையில் பாதியையும் அடுத்த பாடவேளையையும் சேர்த்து 40 நிமிடம் எடுத்துக்கொண்டோம். வேறு ஆசிரியர்கள் தங்கள் வேளையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியர் அதைப் பேசி முடித்தார். காலை வகுப்பில் வாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. இது இரண்டு மணி நேரம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எல்லோரும் வரும் இரண்டு மணி நேரம் போதும் என்று தேர்ந்தெடுத்தோம்.

விகிதப் பாடத்தைப் பம்படிக்கே கொண்டுபோனேன். ஐந்து பிள்ளைகள் மூன்று நாள் அடிகளையும் நிமிடங்களையும் வாளிகளையும் எண்ணி வந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், பம்பு நன்றாக இருந்தால் வரிசை எவ்வளவு நேரத்தில் முடியும் என்று வகுப்பில் போட்டோம். கணக்கில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பெண், நிறையப் பேர் ஒரே நேரத்தில் வருவதால்தான் வரிசை நீளமாகிறதா என்று பார்க்க வேண்டும், வாளி எண்ணிக்கையை மணிவாரியாகப் பிரியுங்கள் என்றாள். அது எனக்கே தோன்றவில்லை. பிரித்துப் பார்த்தோம். இரவு மூன்று மணிக்கே வரிசை தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது.

பம்பைச் சரிசெய்வது: ஒன்பது வாரம்

அந்தப் பம்பு ஆஃப்ரிடெவ் வகை. கிராமத்து ஆட்களே பழுது பார்க்க வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்தது. ஒரு ஸ்பானரை வைத்துத் தலைப்பகுதியைத் திறந்து, உள்ளே இருக்கும் கம்பிகளைக் கையால் மேலே இழுத்து, தேய்ந்த வாஷரை மாற்றிவிடலாம். எங்கள் பக்கத்தில் நான் பார்த்து வளர்ந்தது இந்தியா மார்க் 2. அது உடைந்தால் யூனியன் ஆபீஸ் மெக்கானிக் ஆட்களோடு வந்து குழாயையே தூக்க வேண்டும். இங்கே தண்ணீர்க் குழுவில் இருந்த இரண்டு பெண்களுக்கு அந்த வேலை தெரியும். பணம்தான் இல்லை. வீட்டுக்கு வீடு வசூலித்த தொகையை டிசம்பரில் உரம் வாங்கக் கடனாகக் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரியில் யாரிடமும் திருப்பித் தரக் காசில்லை.

வாஷரும் மற்ற உதிரிகளும் என் ஒரு மாதப் படித்தொகையில் சிறு பங்குதான். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். ஊர்த் தலைவி ஒரு பெண்மணி, வயதானவர். நன்றி சொல்லிவிட்டு, “உங்கள் பணத்தில் சரிசெய்தால், அடுத்த முறை உடையும்போது உங்களைத் தேடிக்கொண்டு எங்கே போவோம்?” என்று கேட்டார். என்னை அனுப்பிய அமைப்பின் விதியும் ஊருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதுதான். சரி என்று விலகிக்கொண்டேன்.

மார்ச்சில் நடந்த ஊர்க் கூட்டத்தில், வரிசை நீளக் காரணம் பெண்கள் நின்று கதை பேசுவதுதான் என்று சில ஆண்கள் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து தாளைப் பார்த்து எண்களைப் படித்தாள். 38 அடி, நான்கு நிமிடம், 43 வாளி. கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அறுவடை வந்ததும் வீட்டுக்கு ஒரு தட்டு மக்காச்சோளம் போட்டு, விற்று, உதிரி வாங்குவது என்று முடிவானது. பக்கத்து ஊரும் பங்கு தர ஒப்புக்கொண்டது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் பம்பைத் திறந்தார்கள். வாஷர் ஓரம் முழுக்கத் தேய்ந்திருந்தது, கைப்பிடி பேரிங்கும் போயிருந்தது. மாற்றி முடிக்க ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. அப்புறம் ஆறாவது அடியில் தண்ணீர் வந்தது. வாளி ஒன்றே கால் நிமிடத்தில் நிறைந்தது.

பிறகு என்ன ஆனது

மார்ச் இரண்டாம் வாரத்தில் இந்தப் புதிய வகுப்புக்குப் பெண்கள் 26 பேர் வந்தார்கள், ஏப்ரல் கடைசியில் 29. மார்ச் மாதம் பசி மிகக் கடுமையாக இருந்தது. பாதி வகுப்பில் பிள்ளைகள் தலையை மேசையில் சாய்த்துக்கொள்வார்கள், 40 நிமிடத்தில் 25 நிமிடம்தான் பாடம் நடக்கும். பச்சை மக்காச்சோளம் விளைய ஆரம்பித்ததும், இருக்கிற வீட்டார் அவித்துக் கொடுத்தனுப்பினார்கள்.

33 பெண்களில் 28 பேர் தேர்வு எழுதி, 21 பேர் தேர்ச்சி பெற்றார்கள். ஆறு பேருக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. முந்தைய ஆண்டு நான்கு பேருக்கு. இந்த வித்தியாசத்துக்கு வகுப்பு நேரத்தை மாற்றியதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

நான் சந்தேகப்பட்ட மூன்று பெண்களில் இருவர் தண்ணீராலும் துடைப்பத்தாலும் நின்றவர்கள், திரும்பிவந்தார்கள். மூன்றாமவளுக்கு என் சந்தேகம் உண்மையாக இருந்தது. நான் எல்லோரையும் ஒரே சந்தேகத்தில் போட்டதால், முதல் வீட்டில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அந்த மூன்றாம் வீட்டுக்குப் போகவே எங்களுக்கு மூன்று வாரம் தயக்கம். செவா மக்களிடம் தாய்வழி மரபு. ஒரு பெண்ணின் திருமண விஷயத்தில் ‘மலுமே’, அதாவது தாய்மாமன் சொல்லுக்குத்தான் கனம். அன்னையர் குழு அவரிடம் பேசி, ஜூனில் அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தேர்வு முடிந்துவிட்டிருந்தது.

எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளை தேர்ச்சி பெற்றாள், இடம் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பையே மறுபடி படிக்கிறேன் என்றாள். ஜனவரியில் அவள் இழந்த நாட்கள் 17.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

வகுப்பு நேரத்தை முடிவு செய்யும் முன், அந்த மணிவாரித் தாளை அம்மாக்களோடு முதல் மாதமே எழுதுவேன். விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று பருவத்துக்கு ஒரு தாள். அக்டோபரில் சரியாக இருந்த நேரம் ஜனவரியில் சரியில்லாமல் போகும் என்பதை மணிவாரித் தாள் ஒன்று மட்டும் காட்டாது. வருகை குறைந்தால் காரணம் கேட்கும் வரை எந்தத் தண்டனையும் வைக்க மாட்டேன்.

பம்புப் பணத்தைப் பற்றி என் மனம் மாறியிருக்கிறது. ஊர்த் தலைவி சொன்னது நியாயம், அதை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்த நியாயத்தின் விலையை அவரோ நானோ கொடுக்கவில்லை. ஒன்பது வாரம் இரவு மூன்று மணிக்கு எழுந்த பெண் பிள்ளைகள் கொடுத்தார்கள். கொடை வேண்டாம் என்றால் சரி, அறுவடைக்குத் திருப்பித் தரும் கடனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அமைப்பிடம் விதிவிலக்குக்கு எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் நான் முயற்சிகூடச் செய்யவில்லை. விதி இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆசிரியர் குடியிருப்பில் மற்ற மூன்று வீடுகளுக்கு நான் கிளம்பும் நாள் வரை பெண் பிள்ளைகள்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தில் அதை ஒருமுறை எழுப்பினேன். ஒருவர் மட்டும் சைக்கிள் ஏற்பாட்டைப் பற்றி விசாரித்தார். எனக்கு அடுத்து வந்த தன்னார்வலரிடம் பாடத்திட்டத்தோடு பம்படிக் கணக்கையும் பருவத் தாளையும் கொடுத்து, அந்த மூன்று வீடுகளின் வாளிகளைப் பற்றியும் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.